கம்பிரோங்கோவுக்குச் சொல்ல வேண்டிய சேதி

மயெந்தோ: பதினாலு மணி நேரம் வண்டியில உக்காந்து வந்திருக்கோம், உனோ. அதுல கடைசி ஒண்ணரை மணி நேரம் நீ வாயே தொறக்கல.

உனோமாசா: நீ ஓட்டும்போது பேசினா உனக்குத்தான் பிடிக்காதே, அண்ணா.

மயெந்தோ: யார் சொன்னா? நேத்து சாயங்காலம் ஊர்லேர்ந்து கிளம்பினதுலேர்ந்து நீ ஓயவே இல்ல. விண்ட்ஹூக் தாண்டியும் பேச்சு, மரியென்டால் தாண்டியும் பேச்சு. உன் ஆய்வுக்கூடத்து மேலதிகாரி மீட்டிங்ல குறட்டை விட்டது. சித்தி மகனுக்கு எவளும் சம்மதிக்காதது. அப்புறம் அவுஸ்ல பெட்ரோல் போட நின்னோம். நீ ஃபோனை எடுத்துக்கிட்டு பாத்ரூம் போனே. வந்து உக்காந்தே. அதோட சரி.

உனோமாசா: தூக்கம்.

மயெந்தோ: எங்க தூங்கினே? கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு மணல் மேட்டையே பாத்துக்கிட்டு வந்தே.

உனோமாசா: காத்து பலமா இருக்கு. கதவைப் பிடிச்சுக்கிட்டுத் தொற. போன தடவை மாதிரி ஒடிச்சுடாதே.

மயெந்தோ: இதுதானா சுறாத் தீவு? நான் படகுல போகணும்னு நெனச்சேன்.

உனோமாசா: அப்ப தீவு. பின்னாடி கல்லைக் கொட்டி கரையோட சேத்துட்டாங்க.

மயெந்தோ: அது என்ன, வரிசையா கூடாரம்... இறைச்சி சுடுற வாசனை வருது.

உனோமாசா: வாசல்ல அந்தம்மா கேட்டாங்களே, ராத்திரி தங்குறீங்களா, பகலுக்கு மட்டுமான்னு. வெளியூர்க்காரங்க கூடாரம் போட்டுத் தங்குற இடம்.

மயெந்தோ: ஜெர்மன்காரன் நம்ம ஆளுங்களை அடைச்சு வெச்சுச் சாகடிச்ச இடத்துல.

உனோமாசா: கடல் நல்லா தெரியுதாம்.

மயெந்தோ: நீ அதுக்குள்ள வண்டிக் கண்ணாடியை ஏத்திட்டே, மிச்சத்தைக் கேக்கல. தங்க வரலம்மா, எங்க கொள்ளுத்தாத்தாவைப் பாக்க வந்திருக்கோம்னேன். அவங்க நாமா இனத்துக்காரங்க. எங்க ஆளுங்களும் இங்கதான் கிடக்குறாங்க, உள்ள போங்க, யாராவது ஏதாவது சொன்னா என் பேரைச் சொல்லுங்கன்னாங்க.

உனோமாசா: அவங்க பேரென்ன?

மயெந்தோ: ...கேக்கல.

உனோமாசா: நல்லா வந்தே.

மயெந்தோ: சிரிச்சுட்டே. அப்ப கோவம் இல்ல. சரி, உன் ஃபோனைக் கொடு. சித்தியைக் கூப்பிட்டு, வந்து சேந்துட்டோம்னு சொல்லுவோம்.

உனோமாசா: சிக்னல் இல்ல.

மயெந்தோ: பாத்தியா?

உனோமாசா: பாத்தேன். முதல்ல மண்ணை எடுத்துடுவோம். டப்பா எங்க?

மயெந்தோ: இதோ. அம்மாவோட காப்பித்தூள் டப்பா. நல்லா அலசித்தான் கொடுத்தா, இன்னும் வாசனை போகல. தாத்தா காப்பி குடிச்சுக்கிட்டே ஊர் வரட்டும்.

உனோமாசா: அங்க ரெண்டு கல்லு நிக்குது பார்.

மயெந்தோ: பாத்தேன். ஒண்ணு நாமாத் தலைவருக்கு. இன்னொண்ணு யாருக்கு?

உனோமாசா: இந்த ஊருக்குப் பேர் கொடுத்த ஜெர்மன்காரருக்கு.

மயெந்தோ: ரெண்டு பேரும் ஒரே இடத்துல. நம்ம தாத்தாவுக்கு?

உனோமாசா: நம்ம தாத்தாவுக்கு ஏது? செத்தவங்களை அலை உள்வாங்குற இடத்துல புதைச்சாங்க. அடுத்த தடவை கடல் ஏறி வந்து எடுத்துக்கிச்சு. அம்மா அதைத்தானே சொல்லிச் சொல்லி...

மயெந்தோ: அதனாலதானே வந்திருக்கோம். அம்மா தெளிவா சொல்லிட்டா. அந்தப் பாறையிலேர்ந்து ஒரு கை மண்ணு கொண்டாங்க, எங்க தாத்தாவுக்கு நம்ம இடத்துல ஒரு குழி போடுங்க, நான் கண்ணால பாக்கறேன். அப்புறம் என்னை அதுக்குப் பக்கத்துல போடுங்க. டாக்டர் இந்த வாரம் தாங்காதுன்னார். இன்னிக்கு மத்தியானம் கிளம்பினா நாளைக்கு விடியறதுக்குள்ள அவ கட்டில்கிட்ட நிக்கலாம். அதான் உன்னை விரட்டறேன். தப்பா எடுத்துக்காதே.

உனோமாசா: எடுத்துக்கல.

மயெந்தோ: இந்தா, இங்கயே நல்ல மண்ணா இருக்கு. பொடியா, சுத்தமா. பிடி டப்பாவை.

உனோமாசா: இது வேணாம்.

மயெந்தோ: ஏன்?

உனோமாசா: இது ஆத்து மணல். பொடி உருண்டை உருண்டையா இருக்கு பார். இந்தப் பாறையெல்லாம் கருப்பு, கூர் கூரா உடையும். இது லாரியில வந்திருக்கு. கூடாரம் அடிக்க மெத்துனு இருக்கணும்னு கொட்டியிருக்காங்க.

மயெந்தோ: மண்ணுக்குமா பாஸ்போர்ட் கேப்பே?

உனோமாசா: இதைக் கொண்டுபோய்ப் புதைச்சா எந்த ஆத்தையோ புதைச்ச மாதிரி. கொட்டிடு.

மயெந்தோ: படிக்க வெச்சது தப்பு.

உனோமாசா: கொட்டிடு அண்ணா.

மயெந்தோ: கொட்டிட்டேன். அப்ப நீயே காட்டு, எது நம்ம மண்ணு?

உனோமாசா: மேல போகணும். பாறை இடுக்குல இருக்கும். காத்தும் மழையும் பாறையைத் தின்னு சேத்து வெச்சது. கொஞ்சமாத்தான் கிடைக்கும்.

கூடாரக்காரர்: காலை வணக்கம். மன்னிக்கணும், தொந்தரவு பண்ணல... அந்தத் தலைப்பாகை ரொம்ப அழகா இருக்கு. ரெண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி. என் மனைவி கேக்கறா, ஒரு படம் எடுத்துக்கலாமா?

உனோமாசா: இன்னிக்கு வேணாம் சார்.

கூடாரக்காரர்: சரிம்மா, பரவால்ல. தம்பி, டப்பாவெல்லாம் வெச்சிருக்கீங்க. வைரம் தேடறீங்களா? இந்தக் கரையில கிடைக்கும்னு சொல்வாங்க.

மயெந்தோ: எங்க கொள்ளுத்தாத்தாவைத் தேடறோம்.

கூடாரக்காரர்: யாரை?

மயெந்தோ: இங்கதான் செத்தார். அவரை ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்.

கூடாரக்காரர்: எனக்கு... நாங்க கேப் டவுன்லேர்ந்து வரோம். பலகையில ஏதோ எழுதியிருந்தது, நான் சரியா படிக்கல. பசங்களை அந்தப் பக்கமா விளையாடச் சொல்றேன். வேற ஏதாவது உதவி வேணுமா?

மயெந்தோ: இப்பதான் நீங்க ஃபோன்ல பேசிட்டிருந்தீங்களே. உங்களுக்கு சிக்னல் கிடைக்குதா?

கூடாரக்காரர்: நல்லாவே கிடைக்குது. வேணுமா? எடுத்துக்குங்க, பேசிட்டுக் கொடுங்க.

மயெந்தோ: ரொம்ப நன்றி சார்.

உனோமாசா: வேணாம் அண்ணா. அம்மா தூங்குவா.

மயெந்தோ: தூங்கினா சித்தி சொல்லட்டும். என் ஃபோனை சித்திகிட்ட விட்டுட்டு வந்ததே இதுக்குத்தானே. நான் தாத்தாகிட்ட பேசறதை அம்மா காதால கேக்கணும்னு கேட்டா. ...அடிக்குது.

உனோமாசா: வெச்சுடு.

மயெந்தோ: இரு, அடிக்குது.

உனோமாசா: ராத்திரியெல்லாம் சித்தி கண்ணு மூடியிருக்க மாட்டா. பாவம், இப்பதான்...

மயெந்தோ: எடுக்கல. நின்னு போச்சு. இன்னொரு தடவை...

உனோமாசா: கிளம்பும்போது நீதானே அதோட சத்தத்தை நிறுத்தி வெச்சே. திடீர்னு அலறினா அம்மா பயந்துடுவான்னு.

மயெந்தோ: ஆமால்ல. நான்தான் நிறுத்தினேன்.

உனோமாசா: ஃபோனை அவர்கிட்ட கொடுத்துடு. நிக்கறார் பாவம்.

மயெந்தோ: இந்தாங்க சார். ஊர்ல யாரும் எடுக்கல.

கூடாரக்காரர்: அப்புறமா வந்து கேளுங்க, இங்கதான் இருப்போம். உங்க வேலை... நல்லபடியா முடியட்டும்.

உனோமாசா: பாத்து வா, பாசி. இந்தப் பாறை வழுக்கும்.

மயெந்தோ: உன் பாவாடைதான் வழுக்கும். இந்தக் காத்துல உன்னைப் பாத்தா, கொம்போட ஒரு மாடு பறக்கப் பாக்கற மாதிரி இருக்கு.

உனோமாசா: அம்மாதான் போட்டுக்கச் சொன்னா. தாத்தா முன்னாடி பேன்ட் போட்டுக்கிட்டு நிக்காதேன்னு.

மயெந்தோ: அம்மா சொன்னா போட்டுப்பே. அம்மா சொன்ன மத்ததுக்குத்தான் இழுத்தடிப்பே.

உனோமாசா: எதை இழுத்தடிச்சேன்?

மயெந்தோ: எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வந்ததுலேர்ந்து பாக்கறேன். ஃபோன் வேணாம். இந்த மண்ணு வேணாம். சித்தி தூங்குவா. உன் சபைக்காரங்க சொல்லி அனுப்பினாங்களா, செத்தவங்ககிட்ட பேசறது பாவம்னு?

உனோமாசா: யாரும் ஒண்ணும் சொல்லல.

மயெந்தோ: உங்க பாஸ்டர் ஒரு தடவை நம்ம வீட்டுக்கே வந்து சொல்லலயா? கெர்ஹார்ட் தாத்தா கல்லறையில அம்மா மண்டி போட்டதுக்கு, அம்மாவுக்கே புத்தி சொன்னார். அம்மா என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? நான் எங்க அப்பாகிட்ட பேசறேன், நீங்க உங்க அப்பாகிட்ட பேசறீங்க, இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டா.

உனோமாசா: ஞாபகம் இருக்கு.

மயெந்தோ: பிடிக்கலன்னா சொல்லிடு. நீ வண்டியில போய் உக்காரு. நான் தனியா பேசிட்டு வரேன்.

உனோமாசா: இல்ல... நானும் நிக்கறேன்.

மயெந்தோ: அப்ப என்ன?

உனோமாசா: இதோ பார். இந்த இடுக்குல இருக்கு. கருப்பா, பிசுபிசுனு. இதுதான். டப்பாவை நீட்டு.

மயெந்தோ: இவ்வளவுதானா? ஒரு தேக்கரண்டி கூட வராது.

உனோமாசா: விரலால வழிக்கறேன். அந்தப் பக்கமும் இருக்கும்.

மயெந்தோ: நகம் கிழிஞ்சுடுச்சு உனக்கு.

உனோமாசா: பரவால்ல.

மயெந்தோ: ரத்தம் வருது. இரு, நான் எடுக்கறேன். ...ஏன் இப்போ அழறே?

உனோமாசா: காத்து. உப்புக் காத்து கண்ணுல படுது.

மயெந்தோ: ...இங்க தூங்கியிருக்காங்க, உனோ. மேல ஒரு கோணி இல்லாம. இந்தக் காத்துல. நம்ம ஊர்க்காரனுக்குக் கடல்னா என்னன்னே தெரியாது. மாட்டைப் பாத்துக்கிட்டு இருந்தவன்.

உனோமாசா: போதும். டப்பாவை மூடு. மூடியை நல்லா அழுத்து.

மயெந்தோ: சரி. வா, இப்படி என் பக்கத்துல மண்டி போடு. கல்லறை இல்லாதவருக்கு எந்தப் பக்கம் பாத்துப் பேசறது?

உனோமாசா: கடல் பக்கம்.

மயெந்தோ: முதல்ல ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். அம்மா மனப்பாடம் பண்ண வெச்சா. நான் மயெந்தோ. ஹுல்டாவோட மூத்த மகன். ஹுல்டா கெர்ஹார்டோட மக. கெர்ஹார்ட் உங்க மகன். அப்புறம் கெர்ஹார்ட் பொழச்சது, கல்யாணம், பிள்ளைங்க. அப்புறம் செத்தவங்க பேரெல்லாம். அப்புறம் மழை. அப்புறம் மாடு. கடைசியா, உங்க பேத்தி ஹுல்டா உயிரோட இருக்கா, உங்க மண்ணுக்காகக் காத்துக்கிட்டிருக்கா, வாங்கன்னு கூப்பிடணும். சரியா?

உனோமாசா: சரி. ஆனா... கடைசி வரி வேணாமே.

மயெந்தோ: எது?

உனோமாசா: அம்மா இருக்கா, காத்துக்கிட்டிருக்காங்கறது. வீட்டுக்கு வாங்கன்னு மட்டும் கூப்பிடு. போதும்.

மயெந்தோ: அது அம்மாவே சொல்லிக் கொடுத்த வரி. மத்ததெல்லாம் நான் தப்பா சொன்னாலும் பரவால்ல, இதை விட்டுடாதேன்னா.

உனோமாசா: உடம்பு முடியாம கிடக்கறவளைப் பத்தி எதுக்குன்னு...

மயெந்தோ: உடம்பு முடியலன்னா அதையும் சொல்லணும். பெரியவங்க முன்னாடி நின்னா வீட்டுச் சேதியை ஒளிக்கக் கூடாது. வந்தது, போனது, இருக்கறது, எல்லாம். அப்பா சொல்வாரே, போட்ஸ்வானாவுல இருந்த பெரியப்பா கதை.

உனோமாசா: தெரியும். இப்போ வேணாம்.

மயெந்தோ: அவர் அங்க செத்துட்டார். சேதி வரல. இங்க நம்ம ஆளுங்க கல்லறைக்குப் போகும்போதெல்லாம் அவர் நல்லா இருக்கார், நல்லா இருக்கார்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவர் எல்லாரோட கனவுலயும் வந்து நின்னார். நான் செத்த பெரியவங்ககிட்ட போய்ச் சேந்தா, நீ இன்னும் உயிரோட இருக்கேன்னு சொன்னாங்களே, யார் நீன்னு கேட்டு வெளியவே நிறுத்திட்டாங்கன்னு புலம்பினாராம். நீ அப்பவே சிரிச்சே. எனக்குப் பன்னெண்டு வயசு, ராத்திரி வெளிய போகப் பயந்தேன். நீ என்னைவிடச் சின்னவ, என்னைப் பாத்துச் சிரிச்சே.

உனோமாசா: சிரிச்சேன்.

மயெந்தோ: அதனாலதான் அம்மா பேரைச் சொல்லணுங்கறேன். அவ இன்னும் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியணும். இல்லாட்டி அவளைக் கூப்பிட்டுக்கப் போறாங்க.

உனோமாசா: அண்ணா, திரும்பிப் போகும்போது நான் ஓட்டறேன்.

மயெந்தோ: இப்போ எதுக்கு அது?

உனோமாசா: நீ ராத்திரியெல்லாம் ஓட்டியிருக்கே. அப்பா போன அன்னிக்கு சேதி கேட்டுட்டு நீ ஓட்டின ஓட்டு... வண்டி ரெண்டு தடவை உருண்டுது. உன் தோள்ல இன்னும் கம்பி இருக்கு.

மயெந்தோ: அது அன்னிக்கு. இன்னிக்கு அம்மா இருக்கா, நிதானமாத்தான் போவேன். என்ன பேச்சு பேசறே நீ? கையைக் கொடு. இப்படி. ஒரு கல்லை எடுத்துக்கோ, பேசி முடிச்சதும் இங்க வைக்கணும். நான் முடிக்கற வரைக்கும் நீ நடுவுல பேசக் கூடாது, தெரியும்ல?

உனோமாசா: தெரியும்.

மயெந்தோ: கம்பிரோங்கோ தாத்தா. நான் மயெந்தோ. ஹுல்டாவோட மூத்த மகன். ஹுல்டா கெர்ஹார்டோட மக. கெர்ஹார்ட் உங்க மகன். ரெண்டு வயசுல இந்தப் பாறை மேல விட்டுட்டுப் போனீங்களே, அந்தப் பையன். அவன் பொழச்சான், தாத்தா. யாரோ ஒருத்தி தன் பிள்ளைன்னு சொல்லித் தூக்கிட்டுப் போனா. அவ பேர் எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா, நாங்க நன்றி சொன்னோம்னு சொல்லுங்க. உங்க மகன் மாடு வளத்தான். ஏழு பிள்ளைங்க. எண்பது வயசு வரைக்கும் இருந்தான். ஊர்ல படுத்திருக்கான். அவனுக்குப் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டு வெச்சிருக்கோம்.

உனோமாசா: ம்.

மயெந்தோ: எங்க அப்பா உங்ககிட்ட வந்துட்டார், உங்களுக்குத் தெரியும். என் ரெண்டாவது பையன் பிறந்து ஒரு நாள் இருந்தான், அவனும் அங்கதான் இருக்கான், பாத்துக்குங்க. போன வருஷம் மழை இல்ல. மாடு பாதி போச்சு. இந்த வருஷம் கொஞ்சம் பேஞ்சிருக்கு. இவ என் தங்கச்சி, பெரிய படிப்பு படிச்சவ. உங்க மண்ணை இவதான் கண்டுபிடிச்சா. நான் எந்த ஆத்து மணலையோ அள்ளிட்டு வந்திருப்பேன்.

உனோமாசா: அண்ணா...

மயெந்தோ: ஷ்ஷ். இப்போ எங்க அம்மா சேதி. உங்க பேத்தி ஹுல்டா...

உனோமாசா: அண்ணா, அதோட நிறுத்திக்கோ.

மயெந்தோ: உனோ, கையை விடு. உங்க பேத்தி ஹுல்டா உயிரோட இருக்கா, தாத்தா. கண்ணு நல்லா தெரியுது. உங்க மண்ணுக்காகக் காத்துக்கிட்டு...

உனோமாசா: தாத்தா, நான் உனோமாசா. ஹுல்டாவோட சின்ன மக. மூத்தவன் பேசும்போது நான் பேசக் கூடாது, தெரியும். இப்ப சொன்னதை மட்டும் எடுத்துக்காதீங்க. அவன் பொய் சொல்லல, அவனுக்குத் தெரியாது. அவுஸ்ல எனக்கு ஃபோன் வந்தது. வண்டி ஓட்டறவன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் மறைச்சேன். உங்க பேத்தி இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி செத்துப்போயிட்டா.